இருபத்திரண்டு மூட்டை ஜீப்

தொண்ணூறுகளின் கடைசி. எட்டு வருடம் ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு நான் ஒரேயடியாகத் திரும்பி வந்திருந்த நேரம். செல்போன் எங்கள் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

ஷார்ஜாவில் எனக்கு வண்டி உதிரி பாகக் கடையில் வேலை. லீவு நாளில் மணல் மேடுகளில் ஜீப் ஓட்டப் போகிறவர்கள் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். அவர்களுக்கு 'லிஃப்ட் கிட்' விற்பது என் பொறுப்பு. வண்டியின் உடம்பைச் சக்கரங்களிலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி வைக்கிற கமான் பட்டைகளும், அதற்கேற்ற நீளமான ஷாக் அப்சார்பர்களும்தான் அது. எந்த வண்டிக்கு எத்தனை அங்குலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

ஊருக்கு வந்ததும் ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்தேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் டீசல் வண்டி. மழைக்காலத்தில் எங்களுக்குத் தெற்கே உள்ள கிராமங்களுக்குள் கார் போகாது. விதை, உரம், அதிகாரிகள், கல்யாண கோஷ்டி என்று எது போக வேண்டுமானாலும் என் வண்டிதான் போக வேண்டும் என்பது திட்டம். ஆனால் முதல் வாரமே தெரிந்துவிட்டது, டிராக்டர்கள் உழுதுவிட்டுப் போன மண் ரோட்டில் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. அந்த மேடு வண்டியின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே வந்தது. உயர்த்தியே ஆக வேண்டும்.

மன்னார்குடியில் லாரிகளுக்குக் கமான் பட்டை கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் என் வயதுதான் இருப்பார். வண்டியை நிறுத்திவிட்டு, "நாலு அங்குலம் தூக்கணும். கிட்டு ஷார்ஜாவிலேர்ந்து வரவழைச்சிடுறேன். நீங்க மாட்டிக் குடுத்தா போதும்" என்றேன்.

அவர் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து, "எங்க ஓட்டப் போறீங்க பாய்?" என்று கேட்டார்.

"ஆத்தங்கரை, வாய்க்கால் கரை, எல்லாத்துலயும்தான்."

"அப்ப நாலு வேணாங்க. மணல்ல கவுந்தா மணல்ல கிடப்பீங்க. இங்க கரையில ஒரு பக்கம் சாஞ்சா நேரா வாய்க்கால்லதான் போய் உக்காருவீங்க. பழைய வண்டி வேற. அவ்வளவு தூக்குனா இன்ஜின்லேர்ந்து பின்னாடி போற ஜாயிண்டு கோணிக்கிட்டு நிக்கும். பிரேக் ட்யூப் எட்டாது. ரெண்டு அங்குலம் தூக்குங்க, போதும்."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனையோ பேருக்கு விற்றவன் நான். "வேற ஆளுங்க எல்லாம் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல கட்டை வச்சே தூக்குறாங்களே" என்று மடக்கப் பார்த்தேன்.

"தூக்குறாங்க. அப்புறம் எங்கிட்டத்தான் கொண்டாந்து விடுறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் லாரி வேலைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. என் மனைவியிடம் சொன்னபோது, அவள் அடுப்படியிலிருந்து முக்காலியைக் கொண்டுவந்து, அதன்மேல் செங்கல் அடுக்கி, "நாலு அங்குலம் தூக்குனா படி இவ்வளவு ஒசரம் வருமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஐந்தடி கூட இல்லாத அவள் புடவையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை ஏறப் பார்த்தாள். முடியவில்லை. "வாடகைக்குக் கூப்புடுறவங்க வீட்ல பொம்பளைங்க இருக்க மாட்டாங்களா? உங்க உம்மா ஏற வேணாமா?" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய்ப் பழைய கடை நண்பனிடம் இரண்டு அங்குலக் கிட்டே அனுப்பச் சொன்னேன்.

கப்பல் கார்கோவில் ஒன்றரை மாதம் கழித்து வந்தது. பட்டறைக்காரர் இரண்டு நாள் எடுத்து, ஒவ்வொரு பட்டைக்கும் கிரீஸ் வைத்து மாட்டினார். வண்டி பார்க்க மிடுக்காக நின்றது. ஐப்பசி மழையில் யாரும் போகாத ரோட்டில் எல்லாம் போய் வந்தேன். டீக்கடையில், "இந்த வண்டி போகாத எடமே இல்ல" என்று நானே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. வயலும் வாய்க்காலும் ரோடும் ஒரே தண்ணீர். உள்ளே ஒரு கிராமத்தில் அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்பட்டு எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் சோறு சமைத்தார்கள். பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு நான் மட்டும் போனேன். ஊருக்கு முன்னால் ஒரு வாய்க்கால், அதன்மேல் சின்னப் பாலம். தண்ணீர் பாலத்தின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டு ஓடியது. தைரியமாகக் கடந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பொட்டலங்களை இறக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் இருந்த கீழத்தெருவிலிருந்து அலறல் கேட்டது. ஊறிப்போன மண்சுவர் ஒரு பெண்ணின் மேல் சரிந்துவிட்டது. முப்பது வயது இருக்கும். புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலை. மண்ணைத் தோண்டி எடுத்தபோது இடுப்புக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. புடவை ரத்தத்தில் நனைந்துகொண்டே இருந்தது. தொடையில் துணியை இறுக்கிக் கட்டி, ஒரு கதவைக் கழற்றி அதன்மேல் படுக்க வைத்து, ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். "சீக்கிரம் போங்க பாய்" என்றார்கள். போனேன்.

வாய்க்காலுக்கு வந்தால் பாலம் இல்லை. நான் வந்து போன ஒரு மணி நேரத்துக்குள் உடைந்து விழுந்திருந்தது. பன்னிரண்டு அடி அகலம். இடுப்பளவு தண்ணீர். அடியில் உடைந்த சிமெண்ட் துண்டுகளும் கம்பிகளும். அதற்கு அந்தப் பக்கம் கரை ரோடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் கூட இல்லை.

பின்னாலேயே ஓடி வந்தவர்களிடம், அந்தப் பெண்ணைக் கதவோடு இறக்கச் சொன்னேன். "என் வண்டி ஏறிடும், பாருங்க" என்று சொல்லி, உடைந்த பாலத்தின் பக்கவாட்டில் சரிவாக இருந்த இடத்தில் வண்டியை இறக்கினேன். முன்சக்கரங்கள் களிமண்ணைத் தொட்டதுதான் தெரியும். பொதக்கென்று புதைந்து வண்டியின் வயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நான்கு சக்கரமும் சுற்றிச் சேற்றை வாரி இறைத்ததே தவிர ஒரு அடி நகரவில்லை. ஒன்றரை மாதம் கடல் தாண்டி வந்த என் இரண்டு அங்குலம் அரை நிமிடத்தில் காணாமல் போனது. நாலு அங்குலமாக இருந்தாலும் அதே கதிதான். இருபது பேர் சேர்ந்து பின்னால் இழுத்து ரோட்டில் விட்டார்கள். அந்தப் பெண் முனகுவது கேட்டது. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நடவு வேலைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிற ஒரு அக்கா அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர்தான் என்னிடம் வந்தார்.

"இந்த வண்டி என்னா கனம் இருக்கும் தம்பி?"

"ஆயிரத்து முந்நூறு கிலோ இருக்கும்க்கா."

"கிலோ கெடக்கட்டும். எத்தன மூட்ட?"

அறுபது கிலோ நெல் மூட்டையாகக் கணக்குப் போட்டேன். "இருபத்திரண்டு மூட்டை."

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "நாப்பது பேருக்கு மேல நிக்கிறோம். ஆளுக்கு அரை மூட்ட. இதைத் தூக்க மாட்டமா?"

எனக்கு அவர் சொன்னது மூளைக்குள்ளேயே ஏறவில்லை. பிறகு ஒருவர், "மூங்கி தாங்காது. கோயில்ல சாமி தூக்குற தண்டு இருக்கு" என்றார். எல்லோரும் கோயில் சாவி வைத்திருந்த பெரியவரைப் பார்த்தார்கள். அந்த ஊரில் மேலத்தெருக்காரர்கள் மட்டும்தான் அந்தத் தண்டைத் தோளில் வைப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். சுவர் விழுந்தது கீழத்தெருவில். வண்டியோ என்னுடையது.

"ஐயா, நான் பாய். வண்டி என்னுது" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் மடியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே, "தூக்குறதுக்குத்தானப்பா தண்டு" என்றார்.

நான்கு தண்டுகள் வந்தன. எண்ணெய் ஊறிக் கறுத்த, வழவழப்பான மரம். வண்டியின் உடம்புக்கு அடியில் செருகப் போனார்கள். அப்போதுதான் என் தொழில் எனக்கு ஞாபகம் வந்தது. "உடம்பைத் தூக்காதீங்க. பட்டை தொங்கி சக்கரம் ஒரு ஜாண் கீழ எறங்கிடும். அச்சுக்கு அடியில குடுங்க" என்று கத்தினேன். முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று, குறுக்கே கொடுத்தோம். அவற்றின் முனைகளை இணைத்து நெடுக்கே இரண்டு. வைக்கோல் பிரியும் தேங்காய்நார்க் கயிறும் போட்டு இறுக்கினார்கள். அதற்குள் மண்வெட்டிக்காரர்கள் இரண்டு கரையையும் சரிவாக வெட்டிவிட்டார்கள். சிலர் தண்ணீருக்குள் இறங்கிக் கம்பி இல்லாத தடத்தைக் காலால் தடவிக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண்ணைக் கதவோடு தலைக்கு மேல் பிடித்து முதலில் அக்கரை சேர்த்தார்கள்.

பிறகு தண்டைச் சுற்றி நின்றார்கள். மேலத்தெரு, கீழத்தெரு, ஆண், பெண் என்று யாரும் பிரித்து நிறுத்தவில்லை. அவரவர் உயரத்துக்கு ஏற்றபடி நின்றார்கள், அவ்வளவுதான். கியரை விடுவித்துவிட்டு நானும் ஓர் இடத்தில் வலது தோளைக் கொடுத்தேன். எனக்கு முன்னால் சாவி வைத்திருந்த பெரியவரின் மகன். பின்னால், சுவரைத் தோண்டிய சேறு இன்னும் காயாத கைகளோடு ஒருவர்.

அந்த அக்கா முன்னால் நின்று குரல் கொடுத்தார். ஒரே மூச்சில் வண்டி எழும்பியது.

எப்படிச் சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. நான்கு சக்கரமும் தரையை விட்டு அந்தரத்தில் நிற்கின்றன. மழை விட்டபாடில்லை. அக்கா சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் எண்பது கால்கள் ஒரே அடி வைக்கின்றன. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, யாருடைய தோளும் தாழவில்லை. நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. தண்டு தாழும் முன்பே அவர் பாரத்தைப் பக்கத்தில் இருந்தவர் வாங்கிக்கொண்டார். என் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பயம் போய்விட்டது. வாய் தானாக ஓதிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் யாரோ முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அக்கரையில் சக்கரங்கள் ரோட்டைத் தொட்டபோது யாரும் கைதட்டவில்லை, கூச்சல் போடவில்லை. கயிறுகளை அறுத்தார்கள். கதவை ஏற்றினார்கள். அக்கா அந்தப் பெண்ணின் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்து, "எடு தம்பி" என்றார்.

திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்தி, தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அந்தப் பெண் பிழைத்தார். லேசாகச் சாய்ந்து நடப்பார். அடுத்த வருடம் சிங்கப்பூரிலிருந்து வந்த புருஷன் எங்கள் வீடு தேடி வந்தார். ஜீப்புக்கு அருகில் குந்தி உட்கார்ந்து, தண்டை எங்கே கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டார். காட்டினேன். அந்த அச்சைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே ஊரில் அடுத்த திருவிழாவுக்குப் பழையபடி மேலத்தெருக்காரர்கள் மட்டும்தான் சாமி தூக்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பன்னிரண்டு அடி தூரத்தை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை யாரும் இல்லை என்று ஆக்கிவிட முடியாது.

இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. ஏதாவது ஒரு காரியம் என்னால் ஆகாது என்று தோன்றும்போதெல்லாம், மனிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டால் எவ்வளவு பெரிய பாரமும் எத்தனை லேசாகிவிடும் என்பதை என் வலது தோள் எனக்கு மெதுவாக ஞாபகப்படுத்துகிறது.