'ரொக்கச் சேமிப்பு' என்று நான் எழுதிய சொல்

1. கோடிட்ட கையேடு

ஓய்வூதிய நிதி நிறுவனம் ஒன்றின் பிரிக்ஃபீல்ட்ஸ் கிளையில் மூத்த அதிகாரியாக நான் பணியாற்றிய கடைசி ஆண்டில், கிள்ளானிலிருந்து வந்த சரோஜா என்ற அம்மையார் தம் கணக்கு அறிக்கையை என் மேசைமேல் விரித்து வைத்தார். பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துபவர். மாதச் சம்பளம் இல்லாததால், எங்கள் நிறுவனத்தின் தனிநபர் ஓய்வூதியத் திட்டத்தில் தாமாகவே எட்டு ஆண்டுகளாகப் பணம் போட்டு வந்தவர்.

"சார், நான் போட்ட காசு அப்படியே இருக்கு. ஒரு சென் காசுகூட ஏறல. எட்டு வருஷமா என்னா செஞ்சிச்சு, தூங்கிச்சா?"

கணினியைப் பார்த்தேன். அவர் எந்த முதலீட்டு ஃபண்டையும் தேர்ந்தெடுக்கவில்லை. விண்ணப்பத்தில் 'கேஷ் ஹோல்டிங்' என்ற கட்டத்தில் டிக் செய்திருந்தார். அந்தக் கட்டத்தில் நிற்கும் பணத்துக்கு வருமானம் கிடையாது. படித்துப் பார்த்தல்லவா கையொப்பமிட வேண்டும் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன்.

அவர் கைப்பையிலிருந்து நான்காக மடித்த எங்கள் தமிழ்க் கையேட்டை எடுத்தார். 'ரொக்கச் சேமிப்பு' என்ற சொல்லின்கீழ் பேனாவால் கோடிட்டிருந்தது.

"படிச்சுட்டுத்தான் சார் சைன் பண்ணேன். சேமிப்புன்னா வட்டி வரும்தானே?"

அந்தக் கையேட்டைத் தமிழாக்கியவன் நான். கல்லூரியில் தமிழை முதன்மைப் பாடமாகப் படித்தவன். 'கேஷ் ஹோல்டிங்' என்பதை 'ரொக்க இருப்பு' என்று எழுதியிருக்கலாம். சேமிப்பு என்பது காதுக்கு இனிதாக இருந்ததால் அதையே வைத்தேன். தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் பெற்றேன்.

2. வட்டி போன இடம்

அன்றே கணக்குப் பிரிவில் விசாரித்தேன். இப்படி நின்ற ரொக்கம் முழுவதையும் சேர்த்து நிறுவனம் வங்கியில் ஃபிக்சட் டெப்பாசிட் போட்டிருந்தது. வட்டி தவறாமல் வந்தது. நிறுவனத்தின் வருமானமாகச் சேர்ந்தது. அம்மையாரின் பணம் தூங்கவே இல்லை. வேறொருவருக்காக உழைத்துக்கொண்டிருந்தது. இருபத்தாறு ஆண்டுகள் அந்தக் கூரையின்கீழ் உட்கார்ந்தும் இதைக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை. இதை எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

மேலாளரிடம் சென்றேன். என் மகன் வயதுடையவர். அலுவலகத்தில் என்னை அங்கிள் என்றழைத்த ஒரே மனிதர். ஆங்கில விண்ணப்பம்தான் செல்லும், தமிழ்க் கையேடு வெறும் வழிகாட்டி என்றார். வாடிக்கையாளர் தெரிந்தே தேர்ந்தெடுத்தார் என ஒரு ரிப்போர்ட் எழுதித் தரும்படி கேட்டார்.

"அங்கிள், ரிட்டயர் ஆக மூணு மாசம்தான் இருக்கு. கிளீன் ரெக்கார்ட். அது யார் எழுதின வார்த்தைன்னு இப்ப எதுக்குத் தோண்டணும் லா?"

மிரட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த அம்மையாரின் எட்டாண்டு வட்டியைக் கொண்டு என் நல்ல பெயரை எனக்கே விற்கப் பார்த்தார்.

3. ரிப்போர்ட்

எழுதிக் கொடுத்தேன். தவறான சொல் என்னுடையது. அதை நம்பியே அவர் டிக் செய்தார். வங்கி தந்த வட்டி அவருக்குரியது. இவ்வளவுதான். கையொப்பமிட்டு, மேலாளருக்கு ஒன்றும் தலைமையகத்தின் புகார்ப் பிரிவுக்கு ஒன்றும் அனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் வட்டி அவர் கணக்கில் ஏறியது. அதே கட்டத்தில் டிக் செய்த மற்றவர்களில், வந்து கேட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். கேட்காதவர்களுக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. என் ஃபைலில் பாராட்டுக் கடிதத்துக்குப் பின்னால் ஓர் எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்தது.

இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் ஓய்வூதியக் கணக்கில் ரொக்கம் நின்றால், அதற்கு வட்டி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், அந்த வட்டியை எடுத்துக்கொள்வது யார் என்று கேளுங்கள். கவுண்டரில் இருப்பவர் முகம் சுளித்தால், அவரும் என்னைப்போல் அதைக் கேட்காதவர் என்று அறிக.

கையேட்டைத் திருத்தும் வேலையும் எனக்கே வந்தது. 'வட்டியில்லாமல் சும்மா நிற்கும் பணம்' என்று எழுதினேன். என் கடைசி வாரத்தில் வந்த சரோஜா அம்மையார் அதை நின்றபடியே படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார்.

"இப்பத்தான் சார் தமிழ்ல எழுதியிருக்கீங்க."