தூக்கம் வராத மாத்திரை

மரங்கள் பூத்துக் கொட்டிய ஒரு வியாழக்கிழமை காலை, ஏழாம் எண் பேருந்து அவள் இல்லாமல் பணிமனையை விட்டுக் கிளம்பியது. வருடக்கணக்காக அவள் ஓட்டிய வண்டி. வண்டி கழுவும் இடத்தில், கையில் தண்ணீர்க் குழாயோடு நின்று, அது வாசலைத் திரும்பும்வரை பார்த்தாள். புது ஓட்டுநர் கியரைக் கரகரவென்று மாற்றினான். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எல்லாம் தும்மலால் வந்த வினை. பூக்கும் காலம் வந்தால் அவளுக்குக் கண் சிவக்கும், மூக்கு ஒழுகும், அடுக்கடுக்காகத் தும்மல் வரும். வண்டி நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு தும்மித் தும்மிக் கண்ணை மூடலாமா? வீட்டிலிருந்த பழைய மாத்திரையோ தும்மலோடு சேர்த்து ஆளையும் சாய்த்துவிடும். அதனால்தான் செவ்வாய்க்கிழமை மருந்துக் கடைக்குப் போனாள்.

"தும்மலா வருது அண்ணே. தூக்கம் வராத..." குறுக்கே ஒரு தும்மல் புகுந்தது. "...மாத்திரை இருந்தா குடுங்க."

"புரியுது, புரியுது" என்று கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்துத் தந்தார்.

மறுநாள் காலை ஒன்றைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள். கொஞ்ச தூரத்திலேயே இமை கனத்தது. உடனே ஓரங்கட்டினாள், சாவியைத் திருகி வண்டியை அணைத்தாள், பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டாள், மாற்று ஆள் கேட்டுப் பணிமனைக்குப் போன் செய்தாள். அதற்குப் பிறகுதான் தலை ஸ்டீயரிங்கில் கவிழ்ந்தது. மேலாளர் வந்து பார்த்தது அந்தக் கோலத்தை மட்டும்.

"வண்டியில உட்கார்ந்து தூங்குறியா?"

"நிறுத்திட்டு, போன் பண்ணிட்டுத்தான் சார்..."

"போதும். நாளையிலேருந்து வண்டி கழுவு."

சாயங்காலத்துக்குள் பணிமனையில் அவளுக்குத் 'தாலாட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது.

முதல் நாள் கழுவி முடித்த கையோடு மருந்துக் கடைக்குப் போய் அட்டையைக் கண்ணாடிமேல் அறைந்தாள்.

"தூக்கம் வராத மாத்திரைதானே கேட்டேன்?"

"ஆமாம்மா, தூக்கம் வரலைன்னீங்க. அதான் தும்மலும் நிக்கும், அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கமும் வரும்னு பாத்துக் குடுத்தேன். வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. வண்டிதான் போச்சு!"

"தும்மாம கேட்டிருக்கணும்மா."

"தும்மாம கேக்க முடிஞ்சா உன் கடைக்கு நான் ஏன்யா வர்றேன்?" அவள் போட்ட சத்தத்தில், வரிசையில் நின்றவர் இருமலை விழுங்கினார்.

அக்காதான் அவளை மருத்துவரிடம் இழுத்துப் போனாள். "நீ வாயே தொறக்காத, நான் சொல்றேன். டாக்டர், இவ பஸ் ஓட்டுறவ. தும்மல் நிக்கணும், ஆள் முழிச்சிருக்கணும்."

மருத்துவர் மூக்கில் அடிக்க ஒரு ஸ்ப்ரேயும் வேறொரு மாத்திரையும் எழுதினார். "இது பெரும்பாலும் தூக்கம் தராது. ஆனா உடம்புக்கு உடம்பு மாறும். லீவு நாள்ல போட்டுப் பாருங்க, அசதி இல்லன்னா மட்டும் வண்டியத் தொடுங்க. அடுத்த வருஷம் பூக்குறதுக்கு முன்னாடியே ஸ்ப்ரேயை ஆரம்பிச்சிடுங்க."

மருந்து கேட்டது. தும்மலும் இல்லை, தள்ளாட்டமும் இல்லை. முழு விழிப்போடு அடுத்தவன் வண்டியைக் கழுவினாள். மேலாளர் அறை வாசலில் போய் நிற்பாள்.

"நிறுத்தினப்புறம்தான் சார் தூங்கினேன். அதையாவது ஒத்துக்குங்க."

"ஏதோ ஒண்ணு. தூங்கினேல்ல?"

அந்த 'ஏதோ ஒண்ணை'த்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கண் சொக்கியபடியே ஓட்டிப் போய் எவன் மேலாவது ஏற்றுகிறவனும், உயிரைப் பிடித்துக்கொண்டு ஓரங்கட்டியவளும் இந்த ஆளுக்கு ஒன்றா?

மரங்கள் உதிர்ந்து, மழை வந்து போய், மறுபடியும் பூத்தன. புது ஓட்டுநர் வண்டியைச் சுவரில் உரசிய மறுநாள், அவள் போன் அதிர்ந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மேலாளர் அனுப்பியிருந்தார்:

"நாளைக்கு ஏழாம் நம்பர் நீ எடு. இந்தத் தடவையாவது தூங்காம ஓட்டு."