மகளுக்காகப் பேசுகிறவர்

"பாப்பா பேரென்ன?" என்று வந்தவர் குனிந்து கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். பாப்பாவிடமிருந்து அல்ல, தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து. பேர், வயது, வகுப்பு, பிடித்த நிறம், நேற்று வந்த வயிற்றுவலி, எல்லாம் ஒரே மூச்சில். தெருவில் அவருக்கு ரேடியோ டெய்லர் என்று பெயர். நிறுத்தத் திருகு இல்லாத ரேடியோ என்பாள் மனைவி.

தொழிலில் குறை சொல்ல முடியாது. கழுத்தில் டேப், காதிடுக்கில் பென்சில். தோள் அளவு எடுக்கும்போதே ஆளின் மாமனார் வீட்டுச் சங்கதிவரை கறந்துவிடுவார்.

மகளுக்கு ஆறு வயது. 'க' வரவேண்டிய இடத்தில் 'த' வரும். கதவு அவளுக்குத் ததவு; கண்ணாடி தண்ணாடி. "எம்பொண்ணு சொல்றது எனக்கு மட்டுந்தாங்க புரியும்" என்பதில் அவருக்குப் பட்டம் வாங்கிய பெருமை.

தினமும் கொஞ்ச நேரம் கண்ணாடி முன்னால் விளையாட்டுபோல் பழக்குங்கள் என்றார் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா. மனிதர் விடுவாரா? போட்டுப் பார்க்கிற அறையின் திரைக்குப் பின்னாலிருந்து கா, கீ, கூ என்று கணீரென்று கேட்கும். குரல் டெய்லருடையது. ஒரே மாதத்தில் நல்ல முன்னேற்றம், அவருக்கு. மகளோ, "தப்பு, மறுபடி சொல்லு" என்று அப்பா சொல்வதைக் கேட்டுக் கேட்டு வாயை மூடிக்கொண்டாள். தாகமெடுத்தால் பாட்டிலைக் காட்டுவாள், அவ்வளவுதான்.

வகுப்பில் டீச்சர் ஏதோ கேட்டபோது, அப்பா வந்து பதில் சொல்வார் என்று அவள் வாசலைப் பார்த்திருக்கிறாள். டீச்சர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று டெய்லர் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தார். மனசு அப்படி உடைந்துபோயிருந்தது.

"தப்பாவே பேசட்டுங்க. பேசணும்னு அவளுக்குத் தோணணும். நீங்க குறுக்க வராம காத்திருங்க, போதும்" என்றார் பயிற்சியம்மா.

"எவ்ளோ நேரம்மா?"

"அவ சொல்லி முடிக்கிற வரைக்கும்."

டெய்லர் தலையைச் சொறிந்தார். "சும்மா இருக்கிறதுக்கு ஏதாச்சும் பயிற்சி இருக்காம்மா?"

நேற்று ஒரு பெண்மணி திரைச்சீலைத் துணியோடு வந்தார். மூலையில் துண்டுத்துணி பரப்பி உட்கார்ந்திருந்த சிறுமியிடம், "என்ன கண்ணு பண்றே?" என்று கேட்டார்.

டெய்லரின் வாய் வழக்கம்போல் திறந்தது. அடுத்த கணம் மேசையிலிருந்த குண்டூசிகளைக் கொத்தாக அள்ளி உதடுகளுக்கிடையில் வைத்து இறுக்கிக்கொண்டார். மெஷினும் நின்றது. மகள் அப்பாவைப் பார்த்தாள்; காத்திருந்தாள். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

"பொம்மைத்து... தவுன் தைத்திறேன்."

"என்னம்மா?" பெண்மணிக்குப் பிடிபடவில்லை. வழக்கம்போல் நிமிர்ந்து டெய்லரைப் பார்த்தார்.

முகமெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் முட்ட, வாய் நிறைய ஊசியோடு, அவர் தாடையை அசைத்து மகளைக் காட்டினார்.