கடைசி மீதி

ஞாயிறு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது கணினித் திரையில் அந்த வரி வந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கவரைப்பேட்டையில் எங்கள் வீடு. நான் பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்துகிறேன். கணவருக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. பெரிய பகா எண்களைத் தேடுவது என் கிறுக்கு. ஒரு சிறிய ஒற்றைப்படை எண்ணை இரண்டால் லட்சக்கணக்கான தடவை பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருகிற எண்ணைத்தான் சோதிப்பேன். அச்சடித்தால் ஒரு புத்தகமே நிரம்பும். அதை வகுத்து வகுத்துப் பார்க்க எந்த ஆயுளும் போதாது. ஆனால் இந்த வகை எண்ணுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. சின்ன எண் ஒன்றில் தொடங்கித் திரும்பத் திரும்ப வர்க்கம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தப் பெரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி மீதி அந்த எண்ணைவிடச் சரியாக ஒன்று குறைவாக இருந்தால் அது பகா எண்ணேதான்.

என் திரையில் ஒன்று குறைவாக வந்திருந்தது.

யாரிடமும் சொல்லப் பயம். திருவள்ளூர் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கும் தம்பியை மட்டும் கூப்பிட்டேன். அவன் வேறொரு மென்பொருளில் முதலிலிருந்து ஓட்டினான். நடுநடுவே வரும் மீதியின் கடைசி இலக்கங்களைப் போனில் ஒப்பிட்டோம். பொருந்தியது. மறுபடியும் பொருந்தியது. பாதி தாண்டியதும் அவன் குரல் மாறியது.

"அக்கா, பேஜாரா கீது. உன்னுது வேற, என்னுது வேற."

என் கணினி நடுவில் தவறியிருந்தால் கடைசி மீதி எதுவாகவும் இருந்திருக்கும். அத்தனை எண்களில் சரியாக அந்த ஒன்றே தற்செயலாக வந்திருக்க வழியில்லை. அப்படியானால் தவறு அவனுடையது. இது எனக்குத் தெரியும். ஆனாலும், என் மென்பொருளே பொய் சொல்லியிருந்தால்?

"தகரக் கூரைக்கா. மெஷினு கொதிக்குது, அதான் தப்பா போட்டுகீது."

"கடைசியா பொருந்துன எடத்துலேர்ந்து திரும்ப ஓட்டு. டேபிள் ஃபேன கிட்ட வை."

மறுநாள் நான் லீவு போட்டிருந்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்த கணவர், குளிக்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டையில் ஆயில் வாசம். முதல் நாள் இடறிய இடம் வந்தது. தம்பி இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படிக்க, நான் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் பொருந்தின. அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. சாயங்காலம் போன் அடித்தது.

"ஒண்ணு கம்மிக்கா! ஒண்ணே ஒண்ணு கம்மி!"

கணவர் என்னையே பார்த்தார்.

"சரி, இத வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் சிரித்துவிட்டார். பிறகு அவராகவே ஆர்.கே.பேட்டையில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"யம்மா, உன் மருமவ ஒரு நம்பர் கண்டுபுடிச்சிகீறா."

அத்தையின் குரல் எனக்கும் கேட்டது. நாத்து நடுகிற வயலிலிருந்து கத்திப் பேசினார்.

"யாரு நம்பருடா?"