மஞ்ச வயரும் ஒரு 'ங்க'வும்

போன மாதம் எங்கள் வீட்டுக்குப் புது டிவி வந்தது. காலண்டர் மாதிரி சுவரில் மாட்டுகிற ரகம். மாட்ட வந்தவர் அதைக் கவிழ்த்து வைத்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தபோது என் மகள் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த மஞ்ச ஓட்டையும் வெள்ள ஓட்டையும் எதுக்குங்க அங்கிள்?" என்றாள். "அது பழைய வயருக்குங்க பாப்பா. இப்ப ஆரும் சொருகறதில்லீங்க. கம்பெனிக்காரங்க பழக்கத்துல உட்டு வெச்சிருக்கறாங்க" என்றார் அவர். சொன்னதில் தப்பொன்றும் இல்லை. ஆனாலும் நான் காபி போடும் சாக்கில் சமையலறைக்குப் போய், பால் பொங்கி வழிகிறவரை அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வயதில் ஒரு டிவியின் முதுகைப் பார்த்துக் கண் கலங்குவது கொஞ்சம் அதிகம்தான்.

என்ன செய்வது, எனக்கு டிவி என்றாலே முதுகுதான் ஞாபகத்துக்கு வரும். மற்றவர்களுக்கு நாடகம், கிரிக்கெட், ஞாயிற்றுக்கிழமை படம். எனக்குக் கறுப்பு பிளாஸ்டிக் கூன் ஒன்று, காற்றுப் போக வரிசையாகக் கீறல்கள், கீறலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கென்று ஒரு வெளிச்சம். பழைய குண்டு டிவிகள் சூடானால் ஒரு வாசனை வருமே, உங்களுக்கு நினைவிருக்கிறதா? தூசி வேகிற வாசனை. நான் அதை மாட்டுச் சாணி வாசனையோடு சேர்த்தே மோந்து வளர்ந்தவள். இரண்டும் கலந்து வருவதுதான் டிவி வாசனை என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சாணிக்குக் காரணம் உண்டு. அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மா வேலை செய்தாள். மாடு கட்டுகிற கட்டுத்தரையைக் கூட்டுவது, தண்ணீர் காட்டுவது, சோளத்தட்டு அறுத்துப் போடுவது எல்லாம் அவள் பாடு. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நானும் கூடவே போய்விடுவேன். தோட்டத்துக்காரரை அம்மா 'பண்ணாடி' என்றுதான் கூப்பிடுவாள், நானும் அப்படித்தான். கட்டுத்தரையைப் பார்த்தாற்போல் அவர்கள் வீட்டு ஜன்னல் ஒன்று இருந்தது. ஜன்னலை ஒட்டி உள்ளே டிவி. ஆக, அதன் முகம் அவர்களுக்கு, முதுகு எனக்கு. நாங்கள் வீட்டுக்குள் போகிற வழக்கம் இல்லை. போகாதே என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருந்ததில்லை.

பண்ணாடியின் ஒரே மகள் கோகிலா. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, பள்ளிக்கூடம் மட்டும் வேறு வேறு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில், திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த அவளுடைய மாமா வெளிநாட்டிலிருந்து ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தார். சோப்பு டப்பா நிறத்தில் ஒரு பெட்டி, அதில் அமுக்குகிற கேசட், கையில் பிடிக்க இரண்டு ரிமோட், அப்புறம் குடல் மாதிரி வயர்கள்.

அன்றைக்கு அந்த வீடு பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். மாமா ஆண்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் எதையெதையோ சொருகிப் பார்த்தார். "எறும்பு பறக்குதுங்க மாமா" என்றாள் கோகிலா. படம் வராமல் திரையில் புள்ளிகள் அலைவதை அப்படித்தான் சொல்வோம். "இருங்க கண்ணு, வரும்" என்றார். வரவில்லை. பண்ணாடி எழுந்து வந்து டிவியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். அந்தக் காலத்தில் எல்லா வியாதிக்கும் அதுதான் வைத்தியம். அதற்கும் எறும்புதான் பறந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, "ஏனுங்க, இங்க மஞ்சளா ஒரு ஓட்டை இருக்குதுங்க. அந்த மஞ்ச வயரு இதுக்குத்தானுங்களோ என்னமோ" என்றேன். இதில் பெரிய அறிவாளித்தனம் ஒன்றும் இல்லை. பொழுதுக்கும் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? மாமா சிரித்துக்கொண்டே மஞ்சளை மஞ்சளிலும் வெள்ளையை வெள்ளையிலும் சொருகினார். கோகிலா டிவி ரிமோட்டில் இருந்த பொத்தான்களை எல்லாம் அமுக்கிக்கொண்டே வர, ஏதோ ஒன்றில் எறும்புகள் மறைந்து பாட்டுச் சத்தம் கேட்டது. உள்ளே எல்லோரும் கை தட்டினார்கள். வெளியே நானும் தட்டினேன். படம் எனக்குத் தெரியவில்லை.

அந்த மஞ்சள் முனை கடைசிவரை ஆட்டம் கொடுத்துக்கொண்டே இருந்தது. ரோட்டில் லாரி போனால் போதும், படம் போய்விடும். ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை விட்டு அழுத்திப் பிடித்தால் திரும்ப வரும். "ஏ புள்ள, அப்படியே புடிச்சுக்கோ, உட்றாத!" என்பாள் கோகிலா. இப்படித்தான் எனக்கு அந்த விளையாட்டில் உத்தியோகம் கிடைத்தது. கை மரத்துப்போகும். ஆனால் அந்த முனை சூடாக இருக்கும், உள்ளே எதுவோ ஓடிக்கொண்டிருப்பதுபோல் விர்ரென்று இருக்கும். நான் விட்டால் அவளுடைய உலகமே அணைந்துவிடும் என்கிற நினைப்பில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

ஒருநாள் கோகிலா சைக்கிள் ட்யூப்பைத் துண்டாக நறுக்கிக் கொண்டுவந்து மஞ்சள் முனையை இறுக்கிக் கட்டினாள். இனி நான் எதற்கு என்று கையை இழுத்துக்கொண்டேன். அவளோ இரண்டாவது ரிமோட்டைக் கம்பிக்கு நடுவே நுழைத்து, "இனி உன்ற கை சும்மாதான இருக்கும்? இந்தா, நீயும் ஆடு" என்றாள். அந்த வயர் ரொம்பக் குட்டை, கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டுதான் நிற்க முடியும். படம் வேறு தெரியாது. அவள் "இப்ப!" என்றால் அமுக்குவேன். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அதன்பிறகு அவள் ஒன்று செய்தாள். டிவியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஒரே நாளில் திருப்பினால் கேட்பார்கள் இல்லையா? நெல் காய்வதுபோல் நாளுக்குச் சிறிது. முதலில் எனக்குத் திரையின் ஓரம் தெரிந்தது, பிறகு பாதி, பிறகு முக்கால். வீட்டில் இருந்தவர்களும் அதற்கேற்றபடி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. பண்ணாடிதான் ஒருநாள் நிதானமாகக் கேட்டார், "ஏனுங்கம்மணி, டிவி நம்மளப் பாக்காம சன்னலப் பாக்குது?" கோகிலா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "வயரு எட்டமாட்டீங்குதுங்கப்பா."

விளையாட்டில் ஒரு குட்டி மனுஷன் வருவான். ஓடுவான், குழி வந்தால் குதிக்க வேண்டும். பளபளவென்று சட்டை போட்டிருந்ததால் நாங்கள் அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தோம். மாப்பிள்ளை என்று ஆன பிறகு 'அவன்' 'இவன்' என்று பேச முடியுமா? எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்கு 'ங்க' போடாமல் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். "குதிங்க மாப்பிள்ள, குதிங்க! குழிங்க, குழிங்க!" "அய்யோ, உழுந்துபோட்டாருங்க!" கோகிலாவின் அம்மா அடுக்களையிலிருந்து கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்.

கோயம்புத்தூர்ப் பேச்சு என்றால் மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் புகழ்வார்கள். நிஜம்தான். பண்ணாடி தன் மகளைக்கூட 'வாங்க கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அந்த 'ங்க' எங்கள் பக்கம் வரும்போது மட்டும் உதிர்ந்துவிடும். மாராள் என்பது என் அம்மாவின் பெயர். "மாரா, தண்ணி காட்டிப்போட்டியா?" என்று கோகிலா கேட்பாள். "காட்டிப்போட்டனுங்க அம்மணி" என்று அம்மா சொல்வாள். பாவாடை கட்டின பிள்ளைக்கு அம்மா 'ங்க' போடுவாள், அம்மாவுக்கு யாரும் போட மாட்டார்கள். டிவிக்குள் ஓடுகிற பொம்மைக்கு உண்டு, சாணி வழிக்கிற என் அம்மாவுக்குக் கிடையாது. அப்போது எனக்கு இது தோன்றவே இல்லை என்பதுதான் கொடுமை. மாப்பிள்ளை குழியில் விழாமல் இருந்தால் போதும் என்று இருந்தேன்.

விடுமுறை முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம். பண்ணாடி வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதுவரை தாண்டாத ஒரு குழியைத் தாண்டிவிட்டோம். இருவருக்கும் மூச்சு வாங்கியது. அந்த நேரம் பார்த்து அம்மா கை கழுவிக்கொண்டு என் பின்னால் வந்து, "பொழுது போயிருச்சு, ஊட்டுக்குப் போலாம் வா கண்ணு" என்றாள். கோகிலா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "சித்த இருங்க, இந்த ஸ்டேஜ முடிச்சுபோட்டு வாரமுங்க."

என் அம்மாவிடம் சொன்னாள்.

மாப்பிள்ளையிடம் பேசிப் பேசி வாய் தவறி வந்ததா, மனசில் இருந்து வந்ததா, எனக்குத் தெரியாது. உறவுக்காரர் ஒருவர் சிரித்தார். "என்னுங்க மச்சான், உங்கூட்டுல மாராளுக்கும் 'ங்க' போட்டாச்சாட்ட இருக்குது?" மற்றவர்களும் சிரித்தார்கள். பண்ணாடி சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை. எழுந்து வந்து, "கண்ணு, வெளையாண்டது போதுமுங்க, நிறுத்துங்க" என்று மகளிடம் சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, அதே மெதுவான குரலில், "மாரா, நாளையிலிருந்து புள்ளையக் கூட்டீட்டு வராத" என்றார். "சரிங்க பண்ணாடி" என்றாள் அம்மா. ரிமோட் என் கையிலேயே இருந்தது. கம்பிக்கு நடுவே நீட்டினேன். கோகிலா என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். அவள் காது மடல் சிவந்து கிடந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா, "அந்தக் கண்ணுக்கு அடி கிடி உழுகுமோ என்னமோ" என்றாள். மறுநாள் வேலைக்குப் போய்வந்தவளிடம் கேட்டேன். ஜன்னல் சாத்தியிருக்கிறது என்றாள். கொஞ்ச நாளில் அப்பா எங்களை மதுக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே சிமென்ட் மூட்டை ஏற்றும் வேலை அவருக்கு. கோகிலாவை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள் என்று பின்னால் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டோம். நான் அழுதேன். மதுக்கரையில் தூசிக்கு எல்லோர் கண்ணும் சிவந்தே இருக்கும், அதனால் அழுவதற்கு வசதியான ஊர்.

பிறகு படித்தேன், வேலைக்கு வந்தேன், கோயம்புத்தூரில் வீடும் ஆயிற்று. சில வருஷங்களுக்கு முன் அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கோகிலாவைப் பார்த்தேன். பந்தியில் என் பக்கத்து இலை. சின்ன வயதில் போலவே இடது புருவத்தைத் தூக்கிப் பேசுவதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. காங்கேயத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், தேங்காய் எண்ணெய் மில். "நான் மாராள் மகளுங்க. கட்டுத்தரை சன்னல்ல நின்னு டிவி கேம் ஆடுவோமே" என்றேன்.

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "தோட்டத்துல நெம்பப் பேரு வேலை செஞ்சாங்க. சரியா ஞாபகம் வரமாட்டீங்குதுங்க. கேமு மாமா வாங்கித் தந்தாருங்க, நானு அத்தன வெளையாண்ட மாதிரி இல்லீங்க" என்றாள். பிறகு பரிமாற வந்தவரிடம், "ஏனுங்க, இவங்களுக்கு ரசம் ஊத்துங்க" என்றாள். நடித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த முகத்தில் நடிப்பு இல்லை. அவளுக்கு நிஜமாகவே மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கோகிலாவைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நல்லா இருக்குதா? எத்தன கொழந்தைங்க?" என்றாள். சற்றுப் பொறுத்து, என்னைப் பார்க்காமல், "என்னையக் கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டாம்மா. அம்மா நல்லா இருக்காங்களான்னு கேட்டா."

அம்மாவின் கை கீரையில் நின்றது. "எனக்குத் தெரியும்" என்றாள். "அன்னிக்கும் அது வாய் தவறிச் சொல்லல கண்ணு. வேணும்னுதான் சொல்லுச்சு." இத்தனை வருஷத்தில் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அவள் பேசியது அந்த ஒரு தடவைதான். அன்று முழுக்க அவள் முகம் தெளிந்து கிடந்தது.

குண்டு டிவிகள் எடைக்குப் போய்விட்டன. தோட்டம் பிளாட் போட்டு விற்றுத் தீர்ந்துவிட்டதாம், அந்த வீடும் இல்லை. அதற்கெல்லாம் நான் பெரிதாக வருத்தப்படவில்லை. அம்மாவும் போய்விட்டாள். அந்த 'ங்க'வைச் சொன்னவளுக்கு ஞாபகம் இல்லை, அதைக் கடைசிவரை நம்பினவள் உயிரோடு இல்லை. நடுவில் நின்று கேட்டவள் நான் ஒருத்திதான் மிச்சம்.