அளவு கேட்காமல் வாங்கிய சைக்கிள்

எனக்கு அறுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, தங்கை பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்து பேருக்கும் சோறு போட்டது என் சைக்கிள்தான். வண்டியூரிலிருந்து தல்லாகுளத்துக்கு, விடிந்ததும் இடியாப்பப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு போவேன். இன்றைக்கும் பதினோரு வீட்டில் தட்டு எடுத்து வைத்துக் காத்திருக்கிறார்கள்.

நான் நல்ல உயரம். என் வீட்டுக்காரரைவிட நான்கு விரல் கூட. பழைய வண்டி இருபத்துநாலு இஞ்ச் பிரேம், ஆண்கள் ஓட்டும் பார் வண்டி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். பிரேம் பற்றவைத்த இடத்திலேயே மறுபடி மறுபடி விட்டுப்போகவும், போன தைப்பொங்கலுக்கு மகன் புது வண்டி வாங்கித் தந்தான். ஆசையாகத்தான் தந்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடைக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை. என் மருமகளை ஏற்றிப் பார்த்து வாங்கி வந்திருக்கிறான். அவள் என் தோளுக்கு வருவாள். ரவிக்கை தைக்க வேண்டுமென்றால் அளவு ரவிக்கை இல்லாமல் டெய்லரிடம் போகிற வீடில்லை இது. சைக்கிளுக்கு மட்டும் எல்லாப் பொம்பளையும் ஒரே அளவா?

சீட்டை ஏற்ற முடிந்த மட்டும் ஏற்றினேன். அதற்கு மேல் ஏற்றக்கூடாது என்று குழாயில் கோடே போட்டிருக்கிறது. அப்படியும் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. ஒரு மாதத்தில் முட்டி வீங்கிவிட்டது. மகன் பார்த்துவிட்டு, வயசாகிவிட்டது, சைக்கிளை விட்டுவிடு என்றான். சைக்கிளை விட்டால் பதினோரு வீட்டையும் விட வேண்டும்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போனேன். கடைக்காரர் என் மகனைவிடச் சின்னவர். இருபத்தாறு இஞ்ச் சக்கரம், பெரியவர்கள் ஓட்டுவதுதான் என்று தட்டிக் காட்டினார்.

"சக்கரத்து மேலயா தம்பி நான் உக்காரப் போறேன்?" என்றேன்.

பெடல் சுற்றும் நடுத்தண்டில் விரல் நுனியை வைத்து, கையை நீட்டிக் காட்டினேன். அளவு சரியென்றால் சீட்டு அக்குளைத் தொட வேண்டும். அரைச் சாண் இடைவெளி இருந்தது. பிறகு அங்கே நின்ற இருபத்துநாலு பிரேம் வண்டியைக் காலுக்கு நடுவே வைத்து நின்றேன். பாருக்கு மேலே இரண்டு விரல் நுழைந்தது. ஏறி உட்கார்ந்து, கீழே போன பெடலில் குதிகாலை வைத்தேன். கால் மடங்காமல் நின்றது. அதுதான் என் வண்டி என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

மாற்றித் தர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. "அண்ணனை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கம்மா, மாத்தித் தாரேன்" என்றார்.

மிதிக்கிறது நான். வீங்கியது என் முட்டி. வார்த்தை மட்டும் அவன் சொல்ல வேண்டுமா?

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். செல்போனிலிருந்து தலையை எடுக்காமல், "பாப்போம் ஆத்தா" என்றான். பார்த்துப் பார்த்து நான்கு நாளாகிவிட்டது. நான்கு நாளாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறேன். இடியாப்பம் ஆறிப்போய்ச் சேருகிறது. இரண்டு வீட்டில் நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இம்புட்டு நீளம் எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல எழுதியது அந்த மகனின் பெண், என் பேத்தி. அவளுடைய அப்பன் இப்போது முன்னறையில்தான் இருக்கிறான்.

"எங்க, மொதல்ல இருந்து வாசி தாயி. சத்தமா வாசி."