பத்துக் கற்பனை வாசித்த ஞாயிறுகள்

போன வாரம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், லோஹேகாவில் ஒரு மொபைல் கடையின் தலைக்கு மேல் பழைய மஞ்சள் பலகை ஒன்றைப் பார்த்தேன். எஸ்.டி.டி. என்ற எழுத்துகள் வெயிலில் வெளிறிப் பாதி போயிருந்தன. வண்டி கடந்துவிட்டது. ஆனால் மூக்கில் அந்தக் காலத்துத் தொலைபேசிக் கண்ணாடிக் கூண்டின் வாடை ஏறிவிட்டது. ஊதுபத்தி, சூடான பிளைவுட், முன்னால் பேசிவிட்டுப் போனவரின் மூச்சு. ரசித்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் வேலை கிடைத்துப் புனே வந்தவன், லோஹேகாவில் அக்கா வீட்டில்தான் தங்கினேன். அத்தான் விமானப்படையில் சார்ஜென்ட். வந்த புதிதில் எனக்குத் தெரிந்த மராத்தி ‘கிதி’ ஒன்றுதான். எவ்வளவு என்று கம்பீரமாகக் கேட்பேன். பதில் புரியாது. அசட்டுச் சிரிப்போடு நோட்டை நீட்டிவிடுவேன்.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியார், போதகருக்குக் கீழே சபையைக் கவனிக்கிறவர். நாங்கள் புராட்டஸ்டண்ட்; அத்தானோ ஆர்.சி., கத்தோலிக்கப் பையன். அவரை அக்கா தானாகவே கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. நான் கிளம்பும்போதுகூட எங்கே தங்கப்போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் அல்லவா.

அக்கா மகள் ஜெனிக்கு இருதயத்தில் ஓட்டை. நான்கு எட்டு ஓடினால் உதடு நீலம் பாரித்துவிடும். தமிழும் இந்தியும் அவளுக்கு ஒரே பாஷை. “மாமா, தூக்கு. தக் கயீ,” என்பாள். களைத்துவிட்டாளாம். நாள் முழுக்க அவள் என் தோளில்தான் இருப்பாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

பத்துக் கட்டளைகளை எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கற்பனைகள் என்பார்கள். அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து ஞாயிற்றுக்கிழமையில் போதகர் அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் சபை மன்றாடிப் பதில் சொல்ல வேண்டும்: எங்களுக்கு இரங்கும், இதைக் கைக்கொள்ள மனதைத் தாரும் என்று. லோஹேகாவில் நாங்கள் போன சபை விமானப்படைத் தளத்தை ஒட்டி இருந்தது; நடுவில் போர் விமானம் கிளம்பினால் போதகர் வாயை மூடிக்கொண்டு நிற்பார். களவு செய்யக் கூடாது என்பதில் பாதிதான் காதில் விழும். பின்வரிசையில் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

அக்கா சிரிக்க மாட்டாள். தாய் தகப்பனைக் கனம்பண்ணினால் ஆயுசு நீளும் என்கிற ஐந்தாவது கற்பனை வரும்போது அவள் வாய் அசையாது. கனம்பண்ணாவிட்டால் ஆயுசு குறையும் என்று அதை அவள் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். திருவிருந்துக்கு எல்லோரும் முன்னால் போகும்போது அவள் மட்டும் தனக்கு யோக்கியதை இல்லை என்று ஜெனியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அத்தான் பொறுக்க முடியாமல் கேட்டார். “ஆயுசு நீளும்னு உனக்குத்தான சொல்லியிருக்கு. பிள்ளைக்கு இல்லையே.”

“ஆமா. என் ஆயுச விட்டுட்டு கர்த்தர் அவ ஆயுசுல எடுக்காரு.”

அத்தான் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

மற்ற ஒன்பதையாவது குறைவில்லாமல் செய்து சரிக்கட்டிவிடலாம் என்று அவளுக்கு ஓர் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு கிடையாது. சனிக்கிழமை சாம்பாரைத்தான் சில்லென்று விட்டுக்கொள்ள வேண்டும். ஓய்வுநாள் என்று சிலிண்டர் கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பினாள். அப்புறம் நெடுநாள் மண்ணெண்ணெய் அடுப்பில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைத்தாள். நான் கேலி செய்தேன். அவளுடைய பயம் எனக்குப் புரியவில்லை.

ஆபரேஷனுக்கு முன் அப்பாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று எஸ்.டி.டி. பூத்துக்கு ஓயாமல் நடந்தாள். ஊரில் போன் வைத்திருந்த கடைக்காரர் எடுப்பார். “வர மாட்டேங்காரும்மா,” என்பார். கடைசியில் என்னைப் பேசச் சொல்லி, அவள் பிள்ளையோடு கண்ணாடிக்கு வெளியே நின்றாள். எனக்கு அப்பா வந்தார்.

“அப்பா, பிள்ளைக்கு ஆபரேஷன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அவ தவிக்கா.”

“கற்பனையில சலுகை கெடையாதுல,” என்று வைத்துவிட்டார்.

நான் வெளியே வந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜெனியின் தலையில் முந்தானையைப் போட்டு மூடினாள், வெயிலுக்காக.

ஜெனி ஆபரேஷனிலிருந்து திரும்பவில்லை.

அடக்கம் முடிந்து அப்பா வந்தார், ரயில் புழுதியோடு. அக்கா அழவில்லை. வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். “நான் மீறுனதுக்குத்தான் எடுத்துட்டாராப்பா?”

எந்தக் கேள்விக்கும் வசனத்தோடு பதில் வைத்திருக்கிற மனுஷன். “அப்படி இல்ல தாயி,” என்று ஆரம்பித்தார். செருப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு அவர் எங்கள் நடுவில் நின்றார். ஐந்தாவது கற்பனைவரை அவர் குரல்தான் சபையிலேயே பெரிது. ஆறாவது, கொலை செய்யக் கூடாது என்பது. இரங்கும் என்று ஆரம்பித்தவரின் குரல் உடைந்தது. முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். திருவிருந்துக்கு எல்லோரும் முன்னால் போனார்கள். அவர் எழவில்லை.

அக்கா எழுந்தாள். அவர் கையைப் பிடித்தாள்.

“எந்திரிங்கப்பா. யோக்கியனுக்கு எதுக்கு இது? நமக்குத்தான்.”

இரண்டு பேரும் கடைசியாகப் போய் முழங்கால் போட்டார்கள். அப்பா இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தானுக்கு மாற்றலாகி வடக்கே போன அக்கா, அவர் ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே இருக்கிறாள். ஜெனியின் கல்லறை இருந்த இடத்தில் வேறொரு பெயர். புனேயிலேயே வாகட் பகுதியில் நான் இப்போது போகிற சபையில் பெரிய திரை, நல்ல ஸ்பீக்கர், குளிர்சாதனம். திருவிருந்துக்கு ஒருவர் பாக்கியில்லாமல் போகிறோம், வருகிறோம்.

அந்த மஞ்சள் பலகையைப் பார்த்த அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தேன். நடுவில் கேட்டாள்.

“உங்க சபையில கற்பனை வாசிக்காங்களா?”

“இல்லக்கா. நேரம் பத்தலைன்னு நிறுத்திட்டாங்க.”

“அப்போ அப்பா மாதிரி ஆளுக எங்கல போய் அழுவாங்க?”